ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

"ஃபோர்க்!" என்று செஸ் ஆடுகிற இடத்தில் யாராவது சத்தம் போட்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வயசாகிவிட்டது, அதனால்தான் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. முழுவதும் சொல்கிறேன், பிறகு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பாரதி பூங்காவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். இரண்டு பலகை, ஒரு டப்பா நிறையக் காய்கள். அதில் ஒரு கறுப்பு யானை எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதில் இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்று யானையாக வேலை பார்க்கிறது. எங்கள் கூட்டத்தில் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், காசாளர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய செஸ் ஞானம் முழுவதும் ஒரே வரியில் அடங்கும். குதிரையைக் கொண்டுபோய் எதிராளியின் இரண்டு காய்களுக்கு நடுவே நிறுத்து, ஒன்று தப்பினால் மற்றது உனக்கு. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, மெசியே!" என்பார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'மெசியே'. நாற்பது வருஷம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவனை வேறு யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் ஆட்சேபிப்பதில்லை.

போன கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் பேரன் வந்திருந்தான். வயது ஒன்பது. கைபேசியில் செஸ் கற்றவன். அந்தச் செயலியில் குதிரையை வைத்து இரண்டு காய்களைப் பிடித்தால் பட்டாசு வெடிக்கிறது, நட்சத்திரம் கொட்டுகிறது. பூங்காவுக்கு அழைத்துப்போனேன். காசாளருக்கும் அவனுக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. பையன் ஃபோர்க் போடும்போதெல்லாம் எதிர்க் கடையிலிருந்து ஒரு பன் வாங்கிக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு வாரத்தில் பேரன் நிறையப் பன் தின்றான். செஸ் வளரவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் வந்து நின்றான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். "தம்பி, ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்று என் பேரனைக் கேட்டான். பேரனுக்கு வெள்ளைக் காய். சுற்றிலும் நாங்கள்.

அந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். மொத்தமே ஏழு நகர்வுதான். வீட்டில் பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் வந்து ஈ4-இல் நிற்கிறது. கறுப்பும் அதே மாதிரி ஈ5-க்கு வருகிறது. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அந்தச் சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து காக்கிறது. வெள்ளை மந்திரி சி4-க்கு வருகிறார். இதுவரை எல்லோரும் ஆடுகிற ஆட்டம்தான். மூன்றாவது நகர்வில் அந்தக் கல்லூரிப் பையன், காவலுக்கு நின்ற குதிரையைத் தூக்கி டி4-இல் வைத்தான். ஈ5 சிப்பாய் அநாதையாக நின்றது.

பேரன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். சிப்பாயைக் குதிரையால் வெட்டினான். கறுப்பு ராணி ஜி5-க்கு வந்தாள். இப்போது பாருங்கள். வெள்ளைக் குதிரை எஃப்7-க்குப் போனால் ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் மூலையில் யானை. ராணியும் யானையும் ஒரே கல்லில்! பக்கத்தில் காசாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குக் கேட்டது. பேரன் குதிரையை எஃப்7-இல் வைத்து "ஃபோர்க்!" என்றான். காசாளர் தொடையில் தட்டினார்.

கல்லூரிப் பையன் ஒன்றும் பேசவில்லை. ராணியால் ஜி2 சிப்பாயை வெட்டினான். யானை போய்விடுமே என்று பேரன் அதை எஃப்1-க்கு நகர்த்தினான். ராணி ஈ4 சிப்பாயை வெட்டிச் செக் சொன்னாள். மந்திரியை ஈ2-க்குக் கொண்டுவந்து மறைத்தான். டி4-இல் நின்ற கறுப்புக் குதிரை எஃப்3-க்கு வந்தது. முடிந்தது. ராஜாவைச் சுற்றி அவனுடைய சொந்தக் காய்களே மதில் மாதிரி நிற்கின்றன. மறைப்புக்கு வந்த மந்திரியோ ராணிக்கு எதிரே கட்டுண்டு கிடக்கிறார், குதிரையை வெட்ட நகர முடியாது. எஃப்7-இல் நம் வெற்றிக் குதிரை மட்டும் தன்னந்தனியாக, யாருக்கும் உதவாமல் நின்றுகொண்டிருந்தது.

இது பழைய பொறி. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் பெயரால் ஷில்லிங் காம்பிட் என்பார்கள். காப்பிக் கடைகளில் ஒரு ஷில்லிங் பந்தயத்துக்கு ஆடி அப்பாவிகளைக் கவிழ்ப்பதற்கானது என்பது பெயரிலேயே இருக்கிறது. மருந்தும் சுலபம்தான். டி4-க்கு வந்த குதிரையை வெட்டிவிட்டு நிதானமாக ஆடினால் வெள்ளைக்குத்தான் நல்ல நிலை. ஈ5 சிப்பாயைத் தின்றுவிட்ட பிறகும்கூட, எஃப்7-ஐக் குதிரையால் வெட்டாமல் மந்திரியால் வெட்டிச் செக் கொடுத்தால் ராஜா நடுத்தெருவுக்கு வந்துவிடுவார், ஆட்டம் இருக்கிறது. ஆனால் மந்திரி வெட்டினால் அது ஃபோர்க் ஆகாது. பன்னும் கிடைக்காது.

பேரன் அழவில்லை. காய்களையெல்லாம் கையால் கலைத்துவிட்டு எழுந்தான். அப்போது எங்கள் கூட்டம் அவனுக்குச் சொன்ன ஆறுதலைக் கேளுங்கள். "பரவால்லடா, தோத்தாலும் சூப்பரா ஒரு ஃபோர்க் போட்டே!" காசாளர் சொன்னார், மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது அந்தக் கல்லூரிப் பையன்மேல் இல்லை. அவன் ஆடத் தெரிந்து ஆடினான். எந்த நகர்வு அந்தக் குழந்தையைத் தோற்கடித்ததோ, அதையே நாம் தோளில் தட்டிப் பாராட்டுகிறோமே, அதற்குத்தான். பையன் அதற்குப் பிறகு அந்த விடுமுறை முழுக்கப் பலகையைத் தொடவில்லை.

என் கட்சி இதுதான். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களிடையே குதிரை ஃபோர்க்கைப்போல அளவுக்கு மீறிப் புகழப்பட்ட நகர்வு வேறில்லை. அதை ஒரு கண்டுபிடிப்பாக, ஒரு சாதனையாக, போட்ட கையோடு ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. காசாளருக்கு இது புரிய வேண்டும். நம் ஊர் ஆட்டங்களில் அதிகம் நடக்கிற ஃபோர்க் எது? குதிரையைச் சி3, பி5 என்று ஓட்டிக்கொண்டு போய்ச் சி7-இல் வைப்பது. ராஜாவுக்குச் செக், மூலையில் ஏ8 யானைக்கு மிரட்டல். ராஜா டி8-க்கு ஒதுங்குகிறார், குதிரை யானையை வெட்டுகிறது. ஆகா, ஐந்து மதிப்புள்ள யானை! சரி. இப்போது குதிரை எங்கே நிற்கிறது? பலகையின் மூலையில். நடுப்பலகையில் நின்றால் எட்டுக் கட்டங்களை ஆளுகிற பிராணி, மூலைக்குப் போனால் இரண்டே கட்டம். ஏ8-இலிருந்து வெளியேற பி6, அல்லது வந்த வழியே சி7. பி6-ஐ ஏ7 சிப்பாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. சி7-ஐ ராஜாவே பார்த்துக்கொண்டிருக்கிறார். குதிரை கைதி. எதிராளி அவசரமில்லாமல், சௌகரியப்பட்டபோது வந்து எடுத்துக்கொள்வான். வரவு ஐந்து, செலவு மூன்று, நிகரம் இரண்டு. அதற்கு நாம் கொடுத்த நகர்வுகள் நான்கு. அந்த நேரத்தில் நம் மற்ற காய்கள் எல்லாம் வீட்டிலேயே தூங்குகின்றன, அவன் காய்களோ வெளியே வந்துவிட்டன. இரண்டு புள்ளி லாபம் லாபம்தான், மறுக்கவில்லை. எதிராளியின் ராஜாவும் கோட்டை கட்டும் உரிமையை இழந்துவிடுகிறார், அதுவும் உண்மை. ஆனால் "யானையை அடித்துவிட்டேன்" என்று ஐந்தையும் வரவில் எழுதிக்கொள்வது எந்த ஊர்ப் புத்தகத்தில் செல்லும்?

எனக்கு இந்தப் புத்தி இயல்பாக வந்ததில்லை. பள்ளியில் எங்களுக்கு மத்தியானத்தில் செஸ் சொல்லிக்கொடுத்த மெசியே ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் குதிரைக்குக் 'கவாலியே' என்று பெயர், குதிரையில்லை, குதிரைவீரன். நாம் மந்திரி என்று மரியாதை கொடுக்கிற காய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபூ', பைத்தியக்காரன். இந்த இரட்டை மிரட்டலுக்கு 'ஃபூர்ஷெத்'. சாப்பாட்டு மேசையில் வைக்கிற முள்கரண்டிக்கும் அதே சொல்தான். வீட்டில் கையால் பழையசோறு சாப்பிட்டுவிட்டு வந்த எங்களுக்கு அந்தச் சொல்லே ஒரு நாகரிகமாகத் தெரிந்தது. நான் ஒருநாள் ஃபூர்ஷெத் போட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து "ஏ அப்ரே?" என்றார். அப்புறம்? எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மூன்று நகர்வில் பதில் தெரிந்துவிட்டது. மிரட்டப்பட்ட இரண்டில் ஒன்றான அவருடைய ராணி என் ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டே விலகினாள். நான் செக்கைக் கவனிப்பதற்குள் யானையும் நடந்து போய்விட்டது. என் குதிரை இரண்டு காலிக் கட்டங்களை மிரட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மாங்காயும் மரத்திலேயே இருக்க, கல் மட்டும் போய்விட்டது.

"ஏ அப்ரே?" என்ற அந்தக் கேள்வியை அதன் பிறகு ஆபீசிலும் நிறையத் தடவை முணுமுணுத்திருக்கிறேன். மேசையும் மின்விசிறியும் ஒரே கோப்பில் வாங்கிவிடலாம், நேரமும் மிச்சம், பணமும் மிச்சம் என்று ஒருமுறை நான்தான் குறிப்பு எழுதினேன். மேலே இருந்தவர் 'வெரி குட்' என்று பச்சை மையில் எழுதினார். இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைத் தடை வந்தது. 'வெரி குட்' எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார். விளக்கம் எழுதியது நான். சரி, அது வேறு கதை.

காசாளரிடம் நான் இதையெல்லாம் சொல்லாமலில்லை. அவர் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. "மெசியே, நீங்க சொல்ற பதிலெல்லாம் பெரிய ஆட்டக்காரனுக்குத் தெரியும். நம்ம பார்க்குல யாருக்குத் தெரியும்? பத்துல ஒம்பது தடவ ஃபோர்க் பலிக்குது. அப்புறம் என்ன?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் அர்த்தம் என்ன? என் நகர்வு சரி என்பதல்ல, எதிராளிக்குத் தெரியாது என்பதுதான். அவனுடைய அறியாமையை நம்பித்தான் இவர் ஆட்டம் ஓடுகிறது. தெரிந்தவன் ஒருவன் ஒரு சனிக்கிழமை வந்து நின்றால் போயிற்று. வந்து நின்றான். விலை கொடுத்தது காசாளர் இல்லை, ஒன்பது வயதுக் குழந்தை.

பெரிய ஆட்டக்காரர்கள் என்றாரே, அவர்களிடமே போவோம். செக் தேசத்தில் கரேல் ட்ராக்ஸ்லர் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1890-இல் ரைனிஷ் என்பவர் அவரோடு ஆடும்போது ஐந்தாவது நகர்விலேயே எஃப்7-இல் குதிரையை வைத்து ராணியையும் யானையையும் ஒன்றாகப் பிடித்தார். அதே எஃப்7, அதே இரண்டு மாங்காய். பாதிரியார் ராணியைக் காப்பாற்றவே இல்லை. மந்திரியைக் கொண்டுபோய் எஃப்2-இல் வெட்டிச் செக் கொடுத்தார். ஒன்பதாவது நகர்வில் ரைனிஷ் ராணியை நிஜமாகவே வெட்டினார். ஃபோர்க் பலித்தது, முழுசாகப் பலித்தது. அதற்குள் அவருடைய ராஜா வீட்டைவிட்டு வெளியே துரத்தப்பட்டு, பலகையின் இடது ஓரம்வரை அலைந்து, பதினேழாவது நகர்வில் ஒரு சாதாரணச் சிப்பாயின் கையால் பி4-இல் மேட் ஆனார். கையில் ராணி, கழுத்தில் கயிறு. இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்துவிட்டு யாராவது என்னிடம் வந்து "ஃபோர்க் போட்டால் முடிந்தது" என்று சொல்லட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பிடித்தது. 1851-இல் லண்டனில் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் ஆடியது. போட்டி ஆட்டம்கூட இல்லை. நாம் பூங்காவில் ஆடுகிற மாதிரி சும்மா ஆடியதுதான். உலகம் அதை 'அழியாத ஆட்டம்' என்று இன்றுவரை கொண்டாடுகிறது. ஆண்டர்சன் ஜெர்மானியக் கணக்கு வாத்தியார். கீசெரிட்ஸ்கி பாரிசில் கஃபே தெ லா ரெஜான்சில் காசுக்கு ஆடியும் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். பெரிய மனசுக்காரர், தான் தோற்ற அந்த ஆட்டத்தைத் தன் 'லா ரெஜான்ஸ்' இதழில் தானே வெளியிட்டார்.

அதில் பதினேழாவது நகர்வில் ஆண்டர்சனின் குதிரை டி5-க்கு வருகிறது. கறுப்பு ராஜா ஈ8-இல், யானை ஏ8-இல், இரண்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சி7 காலி. அதை எந்தக் கறுப்புக் காயும் காக்கவில்லை. அதாவது நம் காசாளரின் கனவு நிலை. குதிரையைச் சி7-க்கு எடுத்துவைத்தால் செக், யானை இலவசம். ஆண்டர்சன் என்ன செய்தார்? மந்திரியை டி6-க்கு நகர்த்தினார். குதிரையைத் தொடவில்லை. எதிராளி தன் யானைகள் இரண்டையும் தின்னட்டும் என்று விட்டார். கடைசியில் ராணியையும் கொடுத்தார். இருபத்து மூன்றாவது நகர்வில் மேட். கறுப்பு அதுவரை இழந்தது மூன்றே மூன்று சிப்பாய்கள். ஈ7-க்கு வந்து மேட் கொடுத்த மந்திரிக்குப் பின்னால் நின்று காவல் காத்தது யார் தெரியுமா? டி5-இல் நின்ற அதே குதிரை. சி7-க்கு ராஜா தப்பி ஓடாமல் மறித்ததும் அதே குதிரை. அது யானைக்கு ஆசைப்பட்டு ஏ8 மூலைக்குப் போயிருந்தால் இந்த ஆட்டத்தின் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்காது. டி6-க்கு மந்திரி போனதைவிட நல்ல நகர்வுகள் இருந்தன என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும். கண்ணெதிரே கிடந்த ஃபோர்க்கைத் தொடாமல் விட்டு ஒருவர் ஜெயித்தார். அவருக்கு யாரும் பன் வாங்கித் தரவில்லை.

நான் ஃபோர்க்கே போடக்கூடாது என்று சொல்கிறவன் இல்லை. ராஜாவையும் ராணியையும் சேர்த்துப் பிடித்து, குதிரையை வெட்ட யாருமில்லை என்றால் நானும் போடுவேன், நான் என்ன சந்நியாசியா? ஆனால் போடுவதற்கு முன்னால் அந்த இரண்டில் ஒன்று எனக்குச் செக் கொடுத்துக்கொண்டு கிளம்புமா, என் குதிரை திரும்பி வர வழி இருக்கிறதா, அது இதுவரை நின்ற இடத்தில் எதைக் காத்துக்கொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்வேன். பார்க்க அரை நிமிஷம் ஆகும். பென்ஷன்காரர்களுக்கு அரை நிமிஷமா இல்லை?

குழந்தைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிற தாத்தாக்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் ஃபோர்க் போட்டால் உடனே கைதட்டாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். அவன் முகம் கொஞ்சம் வாடும். வாடட்டும். கைபேசியில் பட்டாசு வெடிப்பதை நம்மால் நிறுத்த முடியாது, நம் கையையாவது நிறுத்தலாம்.

பேரன் பொங்கல் விடுமுறைக்கு வருகிறான் என்று மகள் போனில் சொன்னாள். செஸ் ஆடுகிறானா என்று கேட்டேன். "இல்லப்பா, கேரம்தான் ஆடறான்" என்றாள். வந்ததும் பூங்காவுக்கு அழைத்துப்போய், அந்த ஏழு நகர்வையும் பலகையில் வைத்து, நாலாவது நகர்விலிருந்து அவனையே மறுபடி ஆடச் சொல்லப்போகிறேன். அன்றைக்கு என்ன நடந்தாலும் பன் வாங்கித் தரக்கூடாது என்று காசாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.